பெட்டி திறப்பதற்கு முந்தின நாள் வரை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. உறைமேல் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். பிரிக்காமல் மேஜையோரம் தள்ளிவிடலாமா என்றும் யோசித்திருப்பாய். பிரித்துவிட்டாய், அதற்கே ஒரு நன்றி.

நாலு வருடமாக மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தாகிவிட்டது. அவை உன்னிடம் வந்து எந்தக் கிணற்றில் விழுகின்றனவோ தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால், "அவனுக்கு வேலை ஜாஸ்தி, பாவம்" என்கிறாள். அம்மாவோடு வாரா வாரம் ஒரு மணிநேரம் போனில் பேச மட்டும் வேலை விடுகிறது போலிருக்கிறது! அதனால்தான் காகிதத்துக்கு வந்தேன். இதில் என் தொழில்புத்தியும் கொஞ்சம் உண்டு. விஞ்ஞானிகள் நீங்கள் முக்கியமான சண்டைகளை எல்லாம் மின்னஞ்சலில் போடுகிறீர்கள், கம்ப்யூட்டர் மாற்றும்போது மொத்தமாகத் தொலைத்துவிடுகிறீர்கள். பின்னால் வரலாறு எழுத உட்காருகிறவள் தலையில்தான் விடிகிறது. நாம் சண்டை போடுவதாக இருந்தால் காகிதத்திலேயே போடுவோம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இயக்குநர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இதுவரை யாரும் பார்த்திராத ஒரு துகளைத் தேடி நீங்கள் பதினாறு வருடமாக நடத்தும் பரிசோதனையின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். முதல் யோசனை தோன்றிய நாளிலிருந்து, முடிவு தெரிகிற நாள் வரை. கூட்டங்களில் உட்காரலாம், யாரிடமும் பேசலாம். ஆனால் உங்கள் கவுன்சில் சம்மதிக்க வேண்டும். கவுன்சிலுக்கு இந்த முறை நீதான் தலைவர் என்றும் சொன்னார்கள். சொன்னவருக்கு நாம் அண்ணன் தங்கை என்பது தெரியாது. நானும் சொல்லவில்லை.

எனக்கு இந்த வேலை வேண்டும், அண்ணா. வெட்கமில்லாமல் கேட்கிறேன். நீங்கள் என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்பதைவிட, ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு விஷயம் "தெரியும்" என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பதுதான் என்னை இத்தனை வருடமாகக் குடைகிறது. காந்தம் தெரிந்தவருக்குக் கணக்கு தெரியாது. கணக்கு தெரிந்தவர் கேபிளைத் தொட்டதே இல்லை. அப்படியென்றால் அந்தத் "தெரியும்" யார் மண்டைக்குள் இருக்கிறது? உனக்கு இது வெட்டிக் கேள்வியாகப் படும். எனக்கு இதுதான் பிழைப்பு.

அம்மா சௌக்கியம். முழங்கால்தான் படுத்துகிறது. "அவன் தேடற பொருள் கிடைச்சுதாமா?" என்று நேற்றும் கேட்டாள். இல்லை என்றேன். "நல்லா தலைக்கு மேல பாக்கச் சொல்லு. என் கண்ணாடி அங்கதான் இருக்கும்" என்றாள்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தங்கை

•

பிப்ரவரி 2

பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

திட்டியாவது போடுன்னு எழுதியிருக்கீங்க. போடறேன். எனக்கு உங்களை மாதிரி எழுத வராது. பேசற மாதிரிதான் வரும்.

எங்க பழைய பரிசோதனையைப் பத்தி நாலு வருஷம் முன்னாடி நீ போட்ட புத்தகத்துல ஒரு வாக்கியம். "ஒரு வால்வைத் தொட்டுப் பார்க்கத் தோன்றாத அவசரம், ஒரு புதிய துகளைக் கண்டுவிட்டதாக உலகுக்கு அறிவித்தது." அழகா இருக்குல்ல? எல்லாரும் அதைத்தான் எடுத்து எடுத்துப் போடறாங்க. போன மாசம் ஒரு கூட்டத்துல பெரிய திரையில போட்டாங்க. நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன்.

அந்த அவசரக்காரன் தாடி. உனக்குத் தெரியாத ஆளா அவன்? நானும் அவனும் ஒரே வாரத்துல வேலைக்குச் சேந்தவங்க. நம்ம வீட்டுக்கு வந்து அம்மா கையால எத்தனை தடவை சாப்பிட்டிருக்கான். அப்புறம் தாடியை எடுத்துட்டான், ஆனா பேரு மட்டும் போகல.

என்ன நடந்ததுன்னு உனக்கு ஆவணம் தெரியும். எனக்கு அந்த ரூம் தெரியும். பழைய கருவியில ஆயிரக்கணக்குல படிகம் இருந்தது. துகள் உள்ள பாஞ்சா ஒவ்வொண்ணும் துளி வெளிச்சம் குடுக்கும், அதைத்தான் அளப்போம். படிகம் சூடானா வெளிச்சம் கொறையும், அளவு தப்பும். அதனால சுத்தி வர தண்ணி ஓடணும். ஒரு பக்கத்துக் குழாயில வால்வு பாதிதான் திறந்திருந்தது. திரையில 'திறந்திருக்கு'ன்னு பச்சையாக் காட்டிச்சு. அதனால வரைபடத்துல இருக்கக் கூடாத இடத்துல ஒரு மேடு வந்தது, புதுத் துகள் இருந்தா வர்ற மாதிரியே.

மேட்டைப் பாத்ததும் நாங்க குதிக்கலம்மா. மூணு மாசம் அதைக் கொல்லத்தான் பாத்தோம். தாடிதான் எல்லாரையும் விட மோசம். "இதுல என்ன தப்பு இருக்குன்னு சொல்றவனுக்கு என் நாற்காலியைத் தரேன்"னு சுவத்துல எழுதி ஒட்டினான். யாராலயும் சொல்ல முடியல. அப்புறம்தான் மேடை போட்டு வெளியில சொன்னோம். அதுக்கும் அப்புறம் வால்வைக் கண்டுபிடிச்சதும் அவன்தான், அதே மேடையில ஏறி தப்புன்னு சொன்னதும் அவன்தான். அது உன் புத்தகத்துல அடிக்குறிப்புல இருக்கு.

உனக்கு முடிவு தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பிப் பாத்தா எல்லா அம்பும் அந்த வால்வைத்தான் காட்டும். அன்னைக்கு அந்த ரூம்ல எந்த அம்பும் இல்ல.

அவன் ஆஸ்பத்திரியில இருக்கும்போது யாரோ உன் புத்தகத்தைக் கொண்டுவந்து குடுத்தாங்க. படிச்சான். "நல்லாத்தான் எழுதியிருக்கா"ன்னான். அந்த வருஷமே போயிட்டான்.

கவுன்சில்ல நான் வேணாம்னுதான் சொல்லப் போறேன். தலைவர் வேணாம்னா மத்தவங்க தலையாட்டுவாங்க. நேர்ல சொல்ல தைரியம் இல்லாம முதுகுக்குப் பின்னாடி பண்ணினேன்னு இருக்கக் கூடாது, அதான் எழுதறேன்.

அம்மாவுக்கு அந்த முழங்கால் எண்ணெய் தீந்திருந்தா சொல்லு, அனுப்பறேன்.

அண்ணன்

•

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. தினம் ஒரு பதில் எழுதிக் கிழித்தேன். முதல் பதிலைக் கிழித்தது உன் நல்ல காலம்.

தாடி அண்ணா அதைப் படித்தார் என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. "நல்லாத்தான் எழுதியிருக்கா" என்ற இடத்தில் அழுதுவிட்டேன். அம்மா என்னடி என்றாள். கண்ணில் தூசி என்றேன். ஒரு வாரமாகவா தூசி, என்றாள்.

ஆனால் அண்ணா, நீ என்ன நினைத்தாலும் சரி, அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. தேதி சரி. வால்வு சரி. அந்த மேட்டைப் பற்றி ஆட்சேபம் எழுதிய இரண்டு பேருக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதும் சரி. செத்துப்போனார் என்பதற்காக ஒருவரைப் பற்றி நடந்ததை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது. வரலாறு எழுதுகிறவள் இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. இதற்காக நீ இன்னும் நாலு வருடம் பேசாமல் இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். உன் பிடிவாதம் எந்த வீட்டிலிருந்து வந்ததோ அதே வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரே ஒரு இடம் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. முடிவு தெரிந்தவளுக்கு எல்லா அம்பும் அங்கேதான் காட்டும் என்கிறாய். அது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை, எங்கள் தொழிலுக்கே வந்த வியாதி. ஜெயித்தவன் ஆரம்பத்திலிருந்தே கெட்டிக்காரனாகத் தெரிவான், தோற்றவன் ஆரம்பத்திலிருந்தே அசடாகத் தெரிவான். இதற்கு மருந்து இல்லை என்றுதான் இத்தனை நாள் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன்.

இப்போது ஒரு யோசனை. உங்களிடம்தானே ஒரு வழக்கம் இருக்கிறது? நீங்கள் தேடுவது எங்கே தென்படுமோ அந்த இடத்துப் பதிவுகளை மட்டும் கம்ப்யூட்டர் மூடி வைத்துவிடும். "பெட்டி" என்பீர்கள். ஆசைப்பட்டது கிடைக்கிற மாதிரி கை தானாக வளைந்துவிடும் என்று பயந்து, கணக்கு வழி எல்லாவற்றையும் பெட்டியைப் பார்க்காமலேயே முடிவு செய்வீர்கள். எல்லோரும் சரி என்றபின் ஒருநாள் திறப்பீர்கள். திறந்தபின் கணக்கு வழியில் கைவைக்கக் கூடாது. இதை நீயே என் கல்லூரிக் காலத்தில் விளக்கியிருக்கிறாய்.

அதை எனக்கும் போடுங்கள். பெட்டி திறப்பதற்கு முன்பே நான் புத்தகம் முழுவதையும் எழுதி, பதிப்பகத்தில் ஒப்படைத்துவிடுகிறேன். பெட்டியில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஒரு எழுத்தை மாற்றமாட்டேன். முடிவைக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில், தேதியோடு போடுவோம்.

மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு பரிசோதனை கேட்கிறேன். நீ பரிசோதனைக்காரன்தானே?

எண்ணெய் இன்னும் அரைப் பாட்டில் இருக்கிறது. அனுப்பு.

உன் தங்கை

•

மார்ச் 30

தங்கச்சிக்கு,

எண்ணெய் இத்தோட வருது. ஒழுகாம இருக்க நாலு சுத்து டேப் சுத்தியிருக்கேன். பிரிக்கும்போது என்னைத் திட்டாதீங்க.

உன் கடிதத்தை மூணு நாள் பையிலேயே வச்சுட்டு அலைஞ்சேன். கடுப்பு போகல. ஆனா யோசனை நல்ல யோசனை, அதுதான் இன்னும் கடுப்பு.

கவுன்சில்ல வச்சேன். நீ என் தங்கைன்னு முதல்லயே சொல்லிட்டேன். தலைவர் நாற்காலியில இருந்து இறங்கி ஓரமா உக்காந்துட்டேன். அரைமணி நேர விஷயம், நாலு மணிநேரம் இழுத்துட்டாங்க. இந்த ஊர்ல ஒரு பல்பு மாத்தறதுக்கே துணைக்குழு போடுவாங்கன்னு உனக்கு இன்னும் தெரியாது, தெரிஞ்சுக்குவே. ஒருத்தர், "பரிசோதனை தோத்துப் போனா, ஜெயிக்கும்னு நாம பேசினதெல்லாம் அச்சுல நிக்குமே, அசிங்கம் இல்லையா?"ன்னார். அதுக்கு யார் பதில் சொன்னாங்க தெரியுமா? அண்ணி. தாடியோட மனைவி. மின்சாரப் பிரிவு சார்புல வந்திருந்தாங்க. "அசிங்கப்படக் கூடாதுன்னா பெட்டியையே திறக்க வேண்டாமே"ன்னாங்க. அதுக்கப்புறம் ஓட்டுக்கு விட்டாங்க. பாஸ் ஆயிடுச்சு.

அவங்க உன்கிட்ட பேசுவாங்கன்னு மட்டும் எதிர்பாக்காதே. ஓட்டு வேற, பேச்சு வேற.

நிபந்தனை ஒண்ணே ஒண்ணு, நீ சொன்னதேதான். திறந்தப்புறம் கைவைக்கக் கூடாது. யார் கேட்டாலும். இதை நான் எழுதிக் கேட்டதா வச்சுக்கோ.

மே மாசம் வா. தங்கறதுக்கு ரூம் சின்னது, ஜன்னலைத் திறந்தா குளிர்விக்கிற கோபுரத்தோட இரைச்சல். ஷிப்ட்ல உக்காந்து பாக்கணும்னா பாதுகாப்புப் பரீட்சை எழுதணும். படிச்சுட்டு வா, பேராசிரியர்னு யாரும் மார்க் போட மாட்டாங்க.

அண்ணன்

•

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் பாதி வழி உன் பெட்டிச் சண்டையையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

பரீட்சையில் முதல் தடவை தோற்றதை அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினாய். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னுகூடத் தெரியலையாமே உனக்கு?" உன் சத்தியத்தின் லட்சணம் இதுதான்.

நாலு மாதம். இத்தனை வருடம் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து உங்களைப் பற்றி எழுதினேனே, உங்கள் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கைக்கு ஆடு கத்துகிற சத்தம் வைத்திருக்கிறீர்கள் என்று எந்த ஆவணம் எனக்குச் சொல்லும்? மணிச்சத்தம் கேட்டுக் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆடு கத்தினால் எல்லோரும் திரும்புகிறார்கள் என்று அந்த ஷிப்ட் பொறுப்பாளர் எவ்வளவு தீவிரமான முகத்தோடு விளக்கினார்! கேபிள்களில் ஒட்டியிருக்கும் சீட்டுகளில் பத்துப் பதினைந்து பேருடைய கையெழுத்து. அதில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் எழுதி வைத்ததை நம்பித்தான் இன்றைக்கும் செருகுகிறீர்கள்.

என் வெட்டிக் கேள்விக்கு அங்கேதான் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. "தெரியும்" என்பது யார் மண்டைக்குள்ளும் முழுசாக இல்லை. காந்தக்காரர் கணக்குக்காரரை நம்புகிறார், கணக்குக்காரர் கேபிள்காரரை நம்புகிறார். ஆனால் சும்மா நம்புவதில்லை, தினமும் ஒருவரையொருவர் நச்சரித்துக்கொண்டே நம்புகிறீர்கள். கல்யாணமாகி முப்பது வருடம் ஆனவர்களைப் போல. மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதுதான்.

ஐந்தாம் அத்தியாயம் உங்கள் பெட்டிச் சண்டை. பெட்டியின் ஓரத்தை எங்கே வைப்பது என்று மூன்று வாரம். அகலமாக வைத்தால் குப்பையும் உள்ளே வரும், குறுக்கினால் தேடுவது வெளியே நின்றுவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் ஓரத்துக்காக இப்படிச் சண்டை போடுகிறவர்களை நான் பார்த்ததில்லை. என் பழைய புத்தகத்தில் நீங்கள் மேட்டோடு போராடிய அந்த மூன்று மாதத்துக்கு நான் கொடுத்த இடம் இரண்டு பத்தி.

அண்ணி என்னோடு பேசவில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பார். ஒருநாள் நான் சாப்பாட்டுத் தட்டோடு இடம் தேடி நின்றபோது பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்தார். உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்தோம். எழுந்து போகும்போது, "தண்ணி குடிங்க, இங்க காத்து வறண்ட காத்து" என்றார். அவ்வளவுதான்.

நேற்று கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்தில் ஒப்படைத்துவிட்டேன். பதிப்பாசிரியர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முடிவு தெரியாம யாராவது வரலாறு எழுதுவாங்களா மேடம்?" என்றார். எல்லோரும் முடிவு தெரியாமல்தானே வாழ்கிறார்கள் என்றேன். அதற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசி அத்தியாயத்தில் நீ இருக்கிறாய். படித்துக் காட்டமாட்டேன். திறக்கிற நாள் முடிவானதும் எழுது.

உன் தங்கை

•

அக்டோபர் 17

அன்புள்ள வாலுக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு. இன்னைக்கு எனக்கு யாரையாவது பழைய பேர் சொல்லிக் கூப்பிடணும் போல இருக்கு.

பெட்டியைத் திறந்துட்டோம். காலி.

கொஞ்சம் இருக்குன்னுகூட இல்ல. சந்தேகத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னுகூட இல்ல. ஒரு புள்ளி கிடையாது. பெரிய ஹால்ல எல்லாரும் நின்னோம். திரையில வெள்ளைக் கட்டம் வந்தது. யாரோ 'இன்னும் லோடு ஆகல'ன்னு சொன்னாங்க. லோடு ஆயிடுச்சு, இதான்னு சொன்னேன். அப்புறம் கைதட்டினாங்க. வழக்கம் அது, என்ன வந்தாலும் தட்டணும். நானும் தட்டினேன்.

பயனில்லைன்னு சொல்ல மாட்டேன். இது இல்லைன்னு இவ்வளவு உறுதியா இதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்ல. ரெண்டு மூணு பெரிய கொள்கை இன்னையோட மூட்டை கட்டணும். மாணவர்கள்கிட்ட அதைத்தான் சொன்னேன், நல்லா சிரிச்ச முகமா. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டாம உக்காந்திருக்கேன். பதினாறு வருஷம், வாலு.

ஒண்ணு கேக்கறேன். கேக்கக் கூடாது, தெரியும். நான் போட்ட நிபந்தனை, நானே கேக்கறேன்.

அந்தக் கடைசி அத்தியாயத்துல என்னை எடுத்துடு. புதுக் கருவியோட படிகக் கூடத்துல நின்னு நீ கேட்டப்ப, "இருக்கும், நிச்சயமா இருக்கும், சந்தேகமே இல்ல"ன்னு சொன்னேனே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வர்ற வருஷம் அடுத்த கருவிக்கு விண்ணப்பம் போகுது. முன்மொழியறவன் நான். தேர்வுக் குழுவுல ஒருத்தர் உன் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை வாசிச்சாப் போதும். தாடிக்கு நடந்தது எனக்கும் நடக்கும். அவனை மாதிரி "நல்லாத்தான் எழுதியிருக்கா"ன்னு சொல்ற மனசு எனக்குக் கிடையாது. நான் சின்ன ஆளு.

அம்மாகிட்ட காலின்னு சொல்லிடு. நான் சொன்னா குரல்ல கண்டுபிடிச்சுடுவா.

அண்ணன்

•

அக்டோபர் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்புறம், "சாப்பிட்டானாமா?" என்றாள். அதற்குப் பதில் உன் கடிதத்தில் இல்லை. ஒழுங்காகச் சாப்பிடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. நீ கேட்பாய் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது, அதுதான் உண்மை.

உன்னை மட்டும் எடுக்க என்னால் முடியாது. எடுத்தால், நம்பிக்கையோடு பேசிய மற்ற நாற்பது ஐம்பது பேர் அங்கே நிற்பார்கள், தலைவர் மட்டும் நழுவியிருப்பார். அவர்கள் யாரும் என் அண்ணன் இல்லையே. ஆனால் உன் மனம் நோகும்படி ஒன்றை உன் தங்கை அச்சில் போட்டாள் என்று இரண்டாம் தடவையும் நடக்க விடமாட்டேன். ஒரு தடவை நாலு வருடம் போனது. எனக்கும் வயதாகிறது, அம்மாவுக்கும் வயதாகிறது.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். பதிப்பகத்தில் பேசிவிட்டேன். அச்சு டிசம்பரில். அதற்குள் நீ வேண்டாம் என்றால் புத்தகத்தையே நிறுத்திவிடுவேன். முழுப் புத்தகத்தையும். பதிப்பாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார், பாவம். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு வேறு வழி தெரியவில்லை. புத்தகம் போனால் இன்னொன்று எழுதிக்கொள்வேன்.

ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் படித்துவிட்டுச் சொல். உனக்கு ஞாபகம் இருப்பது நீ சொன்னது. நான் எழுதியது நான் பார்த்தது. அந்தப் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்:

"குழுவின் தலைவரிடம் படிகக் கூடத்தில் வைத்துக் கேட்டேன். 'இருக்கும். நிச்சயமா இருக்கும். சந்தேகமே இல்லை' என்றார். சொன்ன கையோடு என்னை நிற்கவைத்துவிட்டு, சுவரோரமாக ஓடும் தண்ணீர்க் குழாய்களை நோக்கி நடந்தார். ஒவ்வொரு வால்வையும் கையால் திருகிப் பார்த்தார், குழாயின்மேல் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்தார். எல்லா வால்வும் திறந்திருப்பதாகத் திரையில் பச்சையாகத் தெரிகிறதே என்று பக்கத்திலிருந்த தொழில்நுட்பக்காரரிடம் கேட்டேன். 'தெரியும். ஆனாலும் தினம் காலையில வருவார். நாங்க இதுக்குத் தாடி ரவுண்டுன்னு பேர் வச்சிருக்கோம்' என்றார். யார் அந்தத் தாடி என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. ஆனால் தலைவர் ஊரில் இல்லாத நாட்களில் அவர்களில் ஒருவர் போய் அந்த ரவுண்டை முடிக்கிறார். நிச்சயமாக இருக்கும் என்று நம்புகிற மனிதர் தினமும் காலையில், தான் ஏமாந்துவிடக் கூடாது என்று ஒரு மணிநேரம் செலவழிக்கிறார். இங்கே நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்."

இதற்குமேல் அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. உன் இஷ்டம், அண்ணா. என்ன சொன்னாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வேன். வாரா வாரம் அம்மாவுக்குப் போன் பண்ணும்போது என்னிடமும் இரண்டு வார்த்தை பேசு, அது போதும்.

உன் தங்கை

•

நவம்பர் 12

அன்புள்ள வாலுக்கு,

சாப்பிட்டேன். நேத்தும் சாப்பிட்டேன், இன்னைக்கும் சாப்பிட்டேன். அம்மாகிட்ட சொல்லிடு.

படிச்சேன். தாடி ரவுண்டுன்னு பேர் வச்சிருக்கானுங்கன்னு எனக்கே தெரியாதுடி! நான் ஏதோ யார் கண்ணுலயும் படாம போயிட்டு வர்றதா நெனச்சுட்டு இருந்தேன். திருட்டுப் பசங்க, என் எதிர்ல ஒருத்தன் மூச்சு விடல. நான் இல்லாத நாள்லயும் போறானுங்கன்னு படிச்சதும் எழுந்து வெளியில போயிட்டேன். வராந்தாவுல கொஞ்ச நேரம் நின்னு மூக்கைச் சிந்திட்டு வந்தேன்.

அச்சுக்குப் போகட்டும். ஒரு எழுத்து மாத்தாதே. 'சந்தேகமே இல்ல'யும் இருக்கட்டும், நான் சொன்னதுதானே. தேர்வுக் குழுக்காரர் வாசிச்சா வாசிக்கட்டும், அடுத்த வரியையும் வாசிக்கச் சொல்றேன். அடுத்த கருவியைப் பத்திக் கேட்டாலும் மறுபடி அதையேதான் சொல்லப் போறேன், என்ன பண்றது. இருக்கும்னுதான் தோணுது.

இப்ப முக்கியமான விஷயம். உன்னைக் கேக்காம ஒண்ணு பண்ணிட்டேன். அந்தப் பக்கத்தை அண்ணிகிட்ட காட்டினேன். மின்சாரப் பிரிவுல அவங்க மேஜை பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். ரெண்டு தடவை படிச்சாங்க. "இது எத்தனை நாளா நடக்குது?"ன்னாங்க. அவன் போனதுலேருந்துன்னு சொன்னேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"ன்னு கத்தினாங்க. நிஜமாவே கத்தினாங்க, பக்கத்து ரூம்காரங்க எட்டிப் பாத்தாங்க. இதையெல்லாம் எப்படிம்மா சொல்றதுன்னேன். அழுதாங்க. அப்புறம் சிரிச்சாங்க. "வால்வுக்குப் போய் அவர் பேரு. கேட்டா குதிச்சிருப்பாரு"ன்னாங்க.

மறுநாள் அவங்களே என் ரூமுக்கு வந்தாங்க. உக்காரல. நின்னபடியே சொன்னாங்க. அந்த மேடு இருந்த மூணு மாசம், அது நிஜமா பொய்யான்னு யாருக்கும் தெரியாத அந்த மூணு மாசம், அதை யாருமே எழுதலையாம். தாடி ராத்திரியெல்லாம் தூங்காம சமையல்கட்டுல உலாத்தினது, ஒருநாள் பாதிச் சவரத்துல ஏதோ தோணி அப்படியே ஆபீசுக்கு ஓடினது, அவங்க ரெண்டு பேரும் அந்த மேட்டுக்குப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி பேர் வச்சுக் கூப்பிட்டது, எல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்காம். "உங்க தங்கையை வரச் சொல்லுங்க. நான் சொல்றேன். அவங்க எழுதட்டும்"னாங்க.

நிபந்தனை ஒண்ணு உண்டு. வால்வைக் கண்டுபிடிச்ச நாளுக்கு முந்தின நாளோட நிறுத்திடணுமாம். அன்னைக்குச் சாயங்காலம் தாடி சீக்கிரமே வீட்டுக்கு வந்து, ரெண்டு பேரும் ரொம்ப தூரம் நடந்து போயிட்டு வந்தாங்களாம். அதுதான் கடைசிப் பக்கம்னு சொல்லிட்டாங்க.

எப்ப வர்றேன்னு எழுது. ஸ்டேஷனுக்கு நானே வர்றேன். ஒரு வாரம்னு நெனச்சுட்டு வராதே, அவங்ககிட்ட நிறைய இருக்கு. அம்மாவையும் கூட்டிட்டு வா, மாடியில ரூம் இருக்கு, முழங்காலுக்குத்தான் லிஃப்ட் இருக்கே.

அண்ணன்